இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு சுவிட்ச்

மின்சாதனங்களின் முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் விவரங்களில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்ப்பவர்கள் உண்டு. சிலவற்றில் கூடவே இருக்கும் மலை வடிவக் குறியையும் 2000 மீ. என்ற எண்ணையும் அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரம் வரை பயன்படுத்துவதற்கே அந்தச் சாதனம் வடிவமைக்கப்பட்டது என்று அது சொல்கிறது. சென்னையிலோ மதுரையிலோ அந்தக் குறிக்கு வேலையில்லை. பழநி மலைத்தொடரில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டித்தான் நிற்கிறது.

எல்லை வைத்ததற்குக் காரணம் காற்று. ஒரு சுவிட்சையோ ரிலேவையோ அணைத்தால் அதன் உலோக முனைகள் சிறிது விலகி நிற்கும். நடுவில் இருக்கும் காற்றுதான் மின்சாரம் தாவாமல் தடுக்கிறது. எத்தனை வோல்ட்டில் பொறி தாவும் என்பதைக் காற்றழுத்தமும் இடைவெளியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889இல் காட்டினார். காற்று மெலிந்தால் அதே இடைவெளியைப் பொறி எளிதில் தாண்டிவிடும். அதனால் சர்வதேச மின்காப்புத் தரநிலை, 2,000 மீட்டர் வரை போதுமான இடைவெளியை 3,000 மீட்டரில் 1.14 மடங்காக்கச் சொல்கிறது. இந்தக் கணக்கில் கொடைக்கானலுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஒழுங்காகச் செய்யப்பட்ட சாதனத்தில் இதைவிடத் தாராளமாகவே இடம் விட்டிருப்பார்கள். வழக்கமான 230 வோல்ட்டில் இதனால் ஆபத்து எதுவும் இல்லை. மின்னல் அடிக்கும்போதும், போன மின்சாரம் திரும்பும்போதும் கணநேரம் எகிறும் வோல்ட்டில்தான் அந்த இடைவெளிக்குச் சோதனை வருகிறது. முகவரி தெரியாத மலிவு ரிலேக்களில் விளிம்பு வரை இடத்தைச் சுருக்கியிருப்பார்கள். மலையில் முதலில் கருகுபவை அவைதான்.

உயரம் மட்டும் என்றால் விஷயம் இதோடு முடிந்துவிடும். ஸ்மார்ட் சுவிட்சும் சென்சாரும் தயாராகும்போது, நகரத்து அடுக்குமாடி வீடு, மெல்லிய செங்கல் சுவர், அறுபடாத மின்சாரம், கூப்பிட்டால் எழுந்து வரும் வீட்டுக்காரர் என்ற நினைப்பிலேயே தயாராகின்றன. கொடைக்கானல் வேறு மாதிரி ஊர். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அந்த மரபில் எழுந்த கருங்கல் பங்களாக்கள், தகரக் கூரை வீடுகள், மாதத்தில் சில நாள் மட்டும் திறக்கும் விடுமுறை வீடுகள், மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும் சுவர்கள் எல்லாம் இங்கே உண்டு. கருவியில் கோளாறு என்று கடைக்குத் திரும்பும் பெட்டிகளில் பலவற்றில் உண்மையில் கோளாறு ஏதும் இருக்காது. பொருந்தாத இடத்தில் மாட்டியதுதான் கோளாறு.

சுவிட்ச்: மூன்று கேள்விகள்

ஸ்மார்ட் சுவிட்ச் இந்தியச் சந்தையில் முக்கியமாக இரண்டு உருவங்களில் கிடைக்கிறது. ஒன்று, பழைய போர்டை எடுத்துவிட்டு மாட்டும் தொடுதிரைப் பலகை. மற்றொன்று, இருக்கும் சுவிட்சை அப்படியே விட்டு அதன் பின்னால் பெட்டிக்குள் பொருத்தும் சிறிய ரிலே மாட்யூல். மலை வீட்டுக்கு இரண்டாவதே மேல். இணையம் போனாலும், செயலி முரண்டு பிடித்தாலும், வாட்ச்மேன் எப்போதும்போல் சுவிட்சைத் தட்டி விளக்கைப் போடலாம். தொடுதிரைப் பலகைகள் பெரும்பாலும் நான்கு சுவிட்சும் ஒரு ஃபேன் ரெகுலேட்டருமாகவே வருகின்றன. மே மாதப் பகலிலும் 20 டிகிரியைச் சற்றே தாண்டும் ஊரில் அந்த ஃபேன் ரெகுலேட்டருக்குக் கொடுக்கும் காசு வீண். கொடைக்கானல் வீடுகளில் கூரையில் விசிறிக் கொக்கியே இல்லாத அறைகள் ஏராளம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் இருக்கிறதா என்பது. சாதாரண சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையில்லை. ஃபேஸ் வரும், விளக்குக்குப் போகும், அவ்வளவுதான். ஸ்மார்ட் சுவிட்சுக்குள் ஒரு சிறு கணினியும் ரேடியோவும் எந்நேரமும் விழித்திருப்பதால் அதற்கென்று தனியே மின்சாரம் வேண்டும். மின்சுற்று முழுமையாக நியூட்ரலும் வேண்டும். நம் ஊர் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு சாக்கெட்டும் சேர்ந்தே இருக்கும். சாக்கெட் இருந்தால் நியூட்ரல் அங்கே வந்திருக்கிறது என்று அர்த்தம். சிக்கல் வருவது மாடிப்படி டூ-வே சுவிட்சிலும், பழைய பங்களாக்களின் தனிச் சுவிட்சுகளிலும்தான். அங்கே நியூட்ரல் இல்லாமல் இயங்கும் மாடலை வாங்கி மாட்டுவார்கள். அது தன் தேவைக்கான சொற்ப மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே கசியவிட்டு எடுத்துக்கொள்கிறது. பழைய குண்டு பல்பு இந்தக் கசிவைப் பொருட்படுத்தாது. ஐந்து வாட் எல்இடி பல்புக்குள் இருக்கும் மின்தேக்கியோ அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, போதுமான அளவு சேர்ந்ததும் ஒருமுறை மின்னி அணையும். அணைத்த விளக்கு நள்ளிரவில் சில விநாடிக்கு ஒருமுறை கண் சிமிட்டுவது இதனால்தான். சுவிட்சோடு தரப்படும் சிறிய பைபாஸ் மின்தேக்கியை விளக்கின் இரு முனைகளுக்குக் குறுக்கே இணைத்தால் கசிவு அதன் வழியே போய்விடும், சிமிட்டல் நிற்கும்.

இரண்டாவது கேள்வி, சுமை. மலை வீட்டில் பெரிய சுமை குளிர்சாதனம் அல்ல, கீசர். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர். விளக்குக்கான 6 அல்லது 10 ஆம்பியர் மாட்யூல் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் என்று எழுதியிருப்பதும், மூடிய பெட்டிக்குள் மணிக்கணக்கில் எரியும் கீசருக்குச் சிரமப்பட்டே ஈடுகொடுக்கும். சிறிய ஸ்மார்ட் ரிலே, பெரிய சுமை தாங்கும் ஒரு கான்டாக்டரை இயக்க, கான்டாக்டர் கீசரை இயக்குவதே சரியான ஏற்பாடு. தண்ணீர் மோட்டாருக்கும் இதே முறைதான். மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். எல்இடி விளக்குகளும் இந்த விஷயத்தில் சாதுவானவை அல்ல. ஒரே சுவிட்சில் பத்துப் பன்னிரண்டு எல்இடி விளக்குகள் இருந்தால், போடும் நொடியில் எல்லா மின்தேக்கிகளும் ஒன்றாக நிரம்பும்போது ரிலேயின் முனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்வதுண்டு. செயலியில் அணைக்கும்போது டிக்கென்ற சத்தம் கேட்டும் விளக்கு அணையாவிட்டால், முனைகள் ஒட்டிவிட்டன என்று முடிவு செய்யலாம். சத்தமே இல்லையென்றால் ரிலேவுக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

மூன்றாவது கேள்வியைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை. மின்சாரம் போய்த் திரும்பும்போது சுவிட்ச் எந்த நிலையில் விழிக்கும்? அணைந்த நிலை, முந்தைய நிலை, எரியும் நிலை என்று மூன்று தெரிவுகள் அமைப்புப் பக்கத்தில் எங்காவது ஒளிந்திருக்கும். வரவேற்பறை விளக்குக்கு முந்தைய நிலை இருக்கலாம். கீசருக்கும் ஹீட்டருக்கும் அணைந்த நிலையைத் தவிர வேறு எதுவும் கூடாது. ஆளில்லாத வீட்டில், தொட்டி வறண்டிருக்கும்போது, பெருமழை இரவில் பத்து முறை மின்சாரம் போய் வந்து பதினோராவது முறை கீசர் தானே விழித்துக்கொள்வதற்கு இந்த ஒரு தெரிவே போதும். இன்னொன்றும் உண்டு. சாதாரண ஸ்மார்ட் ரிலே ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். கீசரைப் பழுது பார்க்க அது பாதுகாப்பாகாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் இருமுனைச் சுவிட்சும் எம்சிபியும் தனியே இருக்க வேண்டும்.

மூடுபனி மேல் விழும் பழி

மூடுபனி இறங்கினால் வைஃபை போய்விடுகிறது என்பது மலையில் அடிக்கடி கேட்கும் புகார். வைஃபை, ஜிக்பீ, புளூடூத் மூன்றும் புழங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். மூடுபனித் துளியின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். இத்தனை சிறிய துளிகள் அந்த அலையை வீட்டு அளவிலான தூரத்தில் மறிப்பதில்லை. உண்மையான குற்றவாளிகள் மூடுபனியோடு சேர்ந்து வருபவை. நனைந்த மரக்கிளைகள், நீர் ஊறிய கல்சுவர், அடிக்கடி போகும் மின்சாரம் ஆகியவையே அவை. உலர்ந்த நாளில் ஒரு கருங்கல் சுவரைத் தட்டுத்தடுமாறிக் கடந்த சிக்னல், சுவர் ஈரமானதும் கடக்க முடியாமல் போகிறது. தகரக் கூரையும் தகரத் தடுப்பும் ஈரமோ காய்ந்ததோ, எப்போதுமே ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆகவே சிக்னலை வெயில் நாளில் மட்டும் அளந்து திருப்திப்படுவது தவறு. பெரும்பாலான செயலிகள் சிக்னல் வலிமையைக் கழித்தல் குறியோடு காட்டும். பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கழித்தல் 65 நிம்மதியானது, 75 எல்லைக்கோடு, 80ஐத் தாண்டினால் சாதனம் அடிக்கடி காணாமல் போகும். வெயில் நாளில் 75 காட்டும் சுவிட்ச் அக்டோபர், நவம்பரின் வடகிழக்குப் பருவமழையில் நிலைக்காது.

கல் வீட்டுக்கு வைஃபையை விட ஜிக்பீ அல்லது திரெட் வகை வலைப்பின்னல் ஏற்றது. இதில் ஒவ்வொரு சாதனமும் நேரே மையப் பெட்டியோடு பேச வேண்டியதில்லை. பக்கத்து அறைச் சாதனம் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்திவிடும். வாசல்கள் வழியாக, சுவரைச் சுற்றிக்கொண்டு செய்தி போகும். ஆனால் கடத்தும் வேலையைச் செய்பவை மின்கம்பியில் இணைந்த சுவிட்சுகளும் பிளக்குகளும்தான். பேட்டரியில் ஓடும் சென்சார்கள் மின்சாரத்தைச் சேமிக்கத் தூங்கிக்கொண்டே இருப்பவை. மின்சாரம் போனால் கடத்துபவை எல்லாம் ஒரே நேரத்தில் சாகும். பேட்டரி சென்சார்கள் உயிரோடு இருந்தும் பேச ஆளின்றித் தவிக்கும். சில மாடல்கள் பிறகு தாமாகத் திரும்பிச் சேர்வதும் இல்லை. மையப் பெட்டி, ரூட்டர் ஆகியவற்றோடு இரண்டு ஜிக்பீ பிளக்குகளையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும். வைஃபையும் ஜிக்பீயும் ஒரே அலைவரிசையில் நெரிபடுவதால், வைஃபையை 1ஆம் சேனலில் வைத்தால் ஜிக்பீயை 20 அல்லது 25க்கு நகர்த்துவது நல்லது. கணினியையே மையப் பெட்டியாக வைத்திருப்பவர்கள் ஜிக்பீ ஸ்டிக்கை அதன் யுஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருகக் கூடாது. அந்தத் துளையே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும். அரை மீட்டர் நீட்டிப்புக் கம்பியே இதற்கு மருந்து.

வீட்டுக்கு வெளியே தூரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, கேட் போன்றவற்றுக்கு வேறு வழி உண்டு. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த உரிமம் தேவையில்லை. லோரா கருவிகள் இதில் இயங்குகின்றன. அலை நீளமானது என்பதால் மரங்களையும் சுவர்களையும் 2.4 கிகாஹெர்ட்ஸைவிடச் சுலபமாகக் கடக்கும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தயாரான மாடல்கள் வேறு அலைவரிசையில் பேசும். வெளிநாட்டு உறவினர் வாங்கி வரும் இசட்-வேவ் (இன்னொரு வகை வீட்டு வலைப்பின்னல்) பெட்டி இங்கே பயன்படாமல் போவதும் இதனால்தான்.

மேகக்கணியை நம்பும் சாதனமா, வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்கும் சாதனமா என்ற தேர்வும் இங்கே முக்கியம். சுவரில் உள்ள பொத்தானுக்கும் பத்தடி தூரத்து விளக்குக்கும் இடையே செய்தி வெளிநாட்டு சர்வர் வரை போய் வரும் ஏற்பாடு, வத்தலக்குண்டு மலைச்சாலையில் மண் சரிந்து கேபிள் அறுந்த அன்று நின்றுவிடும். 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் தரநிலையின் முக்கியமான வசதி, வெவ்வேறு நிறுவனத்துச் சாதனங்கள் இணையம் இல்லாமலே வீட்டுக்குள் பேசிக்கொள்வதுதான்.

குளிரில் சென்சார்

நடமாட்டத்தைக் கண்டறியும் பிஐஆர் சென்சார் அசைவைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறது. மனித உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர் அதன் வெள்ளை நிற லென்சின் பல பட்டைகளைக் கடந்து போகும்போது உள்ளிருக்கும் படிகத்தில் சிறு மின்மாற்றம் உண்டாகிறது. உடலுக்கும் பின்னணிக்கும் வெப்ப வேறுபாடு இருந்தால்தான் இது நடக்கும். மே மாதத் திண்டுக்கல்லில் சுவரும் தோலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் அங்கே சென்சார் ஆளைத் தவறவிடும். 8 டிகிரிக்கு இறங்கும் ஜனவரி இரவுக் கொடைக்கானலில் வேறுபாடு 20 டிகிரிக்கு மேல். அதே சென்சார் இங்கே அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடும். தோட்டத்தில் மாட்டினால் நாய், குரங்கு, ஊருக்குள் சகஜமாக இறங்கி வரும் காட்டெருமை என எல்லாவற்றுக்கும் விளக்கு எரியும். உணர்திறனை ஒருபடி குறைத்து, உயரத்தைக் கூட்டிக் கீழ்நோக்கிச் சாய்ப்பதுதான் பரிகாரம். காட்டெருமைக்கு அதுவும் பலிக்காது. கம்பளியும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு வருபவரின் மேற்பரப்பு முகத்தைத் தவிர மற்ற இடங்களில் குளிர்ந்தே இருக்கும் என்பதால், கிடைக்கும் வேறுபாடு கணக்கில் வருவதைவிடக் குறைவுதான். ஆனாலும் போதும்.

இரண்டு தவறுகள் இங்கே திரும்பத் திரும்ப நடக்கின்றன. பனிக்குப் பயந்து சென்சாரைக் கண்ணாடி வராந்தாவுக்குள் வைத்து வெளியே பார்க்கச் செய்வது ஒன்று. கண்ணுக்குத் தெளிந்த ஜன்னல் கண்ணாடி உடல் வெப்பத்தின் நீண்ட அகச்சிவப்புக் கதிருக்குச் சுவர் மாதிரி. வெளியே யானையே வந்தாலும் தெரியாது. இரண்டாவது, கணப்புக்கு எதிரே மாட்டுவது. எரியும் விறகின் தழல் ஆட ஆட ஆள் நடப்பதாகவே சென்சார் பதிவு செய்யும். வேலி ஓரம் இரு தூண்களுக்கு இடையே கதிர் பாய்ச்சும் சென்சார்களை இந்த ஊரில் வாங்காமலிருப்பது நல்லது. வைஃபையை ஒன்றும் செய்யாத மூடுபனி இந்தக் கதிரை நிஜமாகவே மறைக்கும். ஒவ்வொரு பனி மாலையும் திருட்டு முயற்சியாகப் பதிவாகும்.

கதவுச் சென்சார் எளிமையானது. கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். அருகில் காந்தம் வந்தால் ஒட்டும், போனால் பிரியும். 1930களில் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கிய இந்த ரீட் சுவிட்ச் அநேகமாகப் பழுதாவதே இல்லை. பழுதாவது கதவு. மழைக்காலத்தில் மரம் உப்பி, கதவு நிலையில் முழுதாக உட்காராமல் நிற்கும். காந்தத்துக்கும் சுவிட்சுக்கும் இடையே 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் பல மாடல்கள் பூட்டிய கதவைத் திறந்திருப்பதாகவே சொல்லும். கோடையில் சரியாக இருந்து ஐப்பசியில் மட்டும் பொய் சொல்லும் சென்சாருக்குத் தேவை புதுப் பேட்டரி அல்ல, தச்சர்.

ஈரப்பத சென்சார் தனிக்கதை. அதன் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய பாலிமர்ப் படலம் ஒன்று மின்தேக்கியாக வேலை செய்கிறது. 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் படலம் ஊறி, உண்மையைவிடச் சில சதவீதம் கூட்டியே காட்டும். உலர்ந்த காற்றில் வைத்தால் மெல்லச் சரியாகும். ஆனால் எப்போதும் 99 சதவீதம் காட்டும் சென்சாரின் குற்றம் பெரும்பாலும் மாட்டிய இடத்தில் இருக்கிறது. அறைக் காற்று 17 டிகிரியில் 70 சதவீத ஈரத்தோடு இருக்கிறது என்று கொள்ளலாம். அதே காற்று 11 டிகிரியில் இருக்கும் வெளிப்புறக் கல்சுவரை ஒட்டிக் குளிரும்போது தாங்கக்கூடிய நீராவியின் எல்லையை எட்டிவிடும். சுவரில் வியர்வை பூக்கும். அந்தச் சுவரோடு ஒட்டிய சென்சார் பார்ப்பது சுவரைத்தான், அறையை அல்ல. உள்புறச் சுவரில் மாட்டலாம், அல்லது ஓரங்குலம் தள்ளி மரச்சட்டத்தில் நிறுத்தலாம்.

சென்சார் சரியா தப்பா என்று சோதிக்கச் சமையலறை உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைக் கொட்டி, கரையாமல் ஈர மணல் பதம் வரும் அளவு மட்டும் தண்ணீர் சொட்டவிட்டு, சென்சாரோடு சேர்த்துக் காற்றுப் புகாத ஜிப் பையில் மூடி வைக்க வேண்டும். உப்பு சென்சாரில் படக் கூடாது. நிறைவுற்ற உப்புக் கரைசலின் மேலிருக்கும் காற்று, 20 முதல் 25 டிகிரிக்குள், 75 சதவீத ஈரப்பதத்தில் நிலைகொள்ளும். அரை நாள் கழித்து சென்சார் 80 காட்டினால் ஐந்து கூட்டிச் சொல்கிறது என்று குறித்துக்கொண்டு செயலியில் கழித்துக்கொள்ளலாம். பல ஆயிரம் ரூபாய்க் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடங்களும் இதே உப்புக் கரைசல் தத்துவத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

வெப்பநிலை அளப்பது என்றாலே இந்த ஊருக்கு ஒரு கசப்பு நினைவுக்கு வரும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து 1980களில் இங்கே பெயர்ந்து வந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, அதன் பாதரசக் கழிவு பழைய சாமான் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்ட பின் 2001இல் மூடப்பட்டது. இன்றைய சென்சாரில் பாதரசம் கிடையாது. கடுகளவு குறைகடத்தி ஒன்றே அளக்கிறது. அளவு தவறுவது வெயிலால். 1899இல் சூரிய ஆய்வகம் இம்மலைக்கு வந்ததே தெளிந்த மெல்லிய காற்றை நாடித்தான். அதே காற்று வெயிலை அதிகம் வடிகட்டாமல் இறக்கிவிடும். காற்று 15 டிகிரியாக இருக்கையில் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் பெட்டி 30ஐத் தாண்டிக் காட்டும். வானிலை நிலையங்களில் கருவியைச் சாய்பலகை வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் வைப்பது இதற்காகவே. வீட்டில் வடக்குப் பார்த்த இறவாணத்தின் கீழ்ப்புறம் ஓரளவு போதும்.

காற்றழுத்த சென்சார் வாங்குபவர் முதல் நாளே அது கெட்டுப்போனதாக நினைப்பார். வானிலைச் செய்தியில் 1,010 ஹெக்டோபாஸ்கல் என்றிருக்க, வீட்டுக் கருவி 785 அளவில் காட்டும். இரண்டும் சரி. செய்தியில் வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட எண். அமைப்பில் ஊரின் உயரத்தைக் கொடுத்தால் இதுவும் மாறிவிடும். காலை பத்து மணிவாக்கில் ஏறி மாலை நான்கில் இறங்கி இரவு பத்தில் மறுபடி ஏறுவதும் கோளாறல்ல. வெப்பமண்டலத்தில் வளிமண்டலமே நாளுக்கு இருமுறை அப்படி ஏறி இறங்குகிறது. இந்தச் சிறு இறக்கத்தைப் பார்த்து மழை வரும் என்று ஜன்னலைச் சாத்தும் தானியங்கி விதி எழுதினால், அது தினமும் மாலை ஜன்னலைச் சாத்தும்.

அழுத்தத்தின் விளைவு கரியமில வாயு சென்சாரில் இன்னும் நுட்பமானது. ஒரு குறிப்பிட்ட இடத்துக்குள் எத்தனை மூலக்கூறுகள் அகச்சிவப்பை விழுங்குகின்றன என்றே அது எண்ணுகிறது. மெல்லிய காற்றில் எல்லா மூலக்கூறும் குறைவு என்பதால், வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 425 பங்கு இருக்க வேண்டியது, திருத்தம் செய்யாத கருவியில் 330 அளவில் தெரியும். உயரத்தைக் கொடுத்துத் திருத்தும் வசதி உள்ள மாடலே மலைக்கு உகந்தது.

கரியமில வாயு சென்சார் கார்பன் மோனாக்சைடைக் காட்டாது. இந்தக் குழப்பம் ஆளையே கொல்லும். குளிருக்கு அஞ்சி, மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் மறுநாள் எழாத செய்தி மலை ஊர்களிலிருந்து வருவதுண்டு. அரைகுறையாக எரியும் கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. அதற்கென்றே உள்ள மின்வேதி சென்சார் கொண்ட அலாரம் வேறு. ஐரோப்பியத் தரநிலைப்படி அது பத்து லட்சத்துக்கு 50 பங்கில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், 100 பங்கில் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 பங்கில் மூன்று நிமிடத்துக்குள்ளும் அலற வேண்டும். வைஃபையை நம்பாமல் தானே சத்தம் போடும் அலாரமாக, படுக்கையறைக்கு ஒன்று வேண்டும். வீட்டில் ஒரே ஒரு சென்சாருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் வரும் சத்தம் ஒலிப்பானையும் பேட்டரியையும் மட்டுமே சோதிக்கிறது. உள்ளிருக்கும் வேதிப்பொருள் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்பதால் பின்புறம் அச்சிட்ட காலாவதித் தேதியில் மாற்றிவிட வேண்டும்.

கோளாறைத் தேடும் முறை

கோளாறு எப்போது வருகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். விடியற்காலையில் செத்து, பத்து மணிக்கு மேல் தானே பிழைக்கும் பேட்டரி சென்சாரை எடுத்துக்கொள்ளலாம். சிஆர் 2032 நாணயப் பேட்டரி, சென்சார் தூங்கும்போது ஏறக்குறைய சும்மா இருக்கிறது. ரேடியோ பேசும் கணத்தில் மட்டும் திடீரென்று அதிக மின்னோட்டம் தர வேண்டும். வயதான பேட்டரியின் உள்தடை குளிரில் மேலும் கூடும். கேட்ட மின்னோட்டத்தைத் தர முயலும்போது வோல்ட் சரிந்து சென்சார் மயங்கி விழுகிறது. செயலி அப்போதும் 60 சதவீதம் மிச்சம் என்று காட்டிக்கொண்டிருக்கும். அது ஓய்வில் இருக்கும் வோல்ட்டை வைத்துப் போடும் கணக்கு. லித்தியம் பேட்டரியின் வோல்ட் கடைசிவரை பெரிதாக இறங்காது. வெளியே மாட்டும் சென்சாருக்கு நாணயப் பேட்டரி மாடலைத் தவிர்த்து இரண்டு ஏஏ லித்தியம் பேட்டரி போடும் மாடலை எடுப்பது நல்லது.

மாலை ஏழு முதல் பத்துக்குள் மட்டும் சுவிட்ச் தடுமாறினால் வோல்ட்டை அளக்க வேண்டும். சீசனில் விடுதிகளின் கீசர்கள் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரம் அது. நியான் டெஸ்டர் இங்கே உதவாது. 160 வோல்ட்டிலும் அது சந்தோஷமாக எரியும். மல்டிமீட்டர் வேண்டும். தரமான மாட்யூல்களின் மின்வழங்கி 100 முதல் 240 வோல்ட் வரை சமாளிக்கும். மலிவானவற்றில் ஒரு பெரிய மின்தேக்கியை வரிசையில் போட்டு வோல்ட்டைக் குறைத்திருப்பார்கள். அந்த மின்தேக்கி ஈரத்தில் நாளாவட்டத்தில் கொள்ளளவை இழக்கும். அப்போது தெரியும் அறிகுறி தெளிவானது: சும்மா இருக்கும்போது சுவிட்ச் ஆன்லைனில் இருக்கும், ரிலேவைப் போட்டதும் மின்சாரம் போதாமல் முழுதாக அணைந்து மறுபடி தொடங்கும், ரிலே கடகடவென்று துடிக்கும். மென்பொருளைப் புதுப்பிப்பதோ வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவதோ இதற்கு எந்தப் பலனும் தராது. எம்சிபியை இறக்கிவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து மாட்யூலை மாற்றுவதுதான் வழி.

மழை நாளில் மட்டும், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுந்தால் வெளிப்புறப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். நீர் புகாது என்று முத்திரை குத்திய பெட்டியும் பகலில் சூடாகி இரவில் குளிரும்போது ஈரக் காற்றை உறிஞ்சும். உள்ளே நீராகக் குளிர்ந்தது வெளியேற வழியிருக்காது. செம்புக் கம்பியில் பச்சை பூத்திருப்பது அதற்குச் சாட்சி. கம்பியைப் பெட்டியின் அடிப்புறத்திலிருந்து, சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றி நுழைத்தால் வழிந்து வரும் நீர் தொங்கலிலேயே சொட்டிவிடும். பெட்டியின் அடியில் காற்றுப் போகும் சவ்வு அடைப்பான் ஒன்று இருப்பது முழு அடைப்பைவிட மேலானது.

ஒரே இடியில் ரூட்டர், மையப் பெட்டி, நாலைந்து சுவிட்சுகள் சேர்ந்து போயிருந்தால் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். பாறை நிலத்தில் தோண்டிய எர்த் குழி மின்னல் சக்தியை வேகமாகக் கடத்துவதில்லை. மீட்டருக்கு அடுத்த பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பான் மாட்டுவது பயனுள்ளது. ஆனால் அது சக்தியைத் தள்ளிவிடுவது எர்த்துக்குத்தான் என்பதால், எர்த் சரியில்லாத வீட்டில் அதன் பயன் குறைவு. எர்த் தடையை அளக்கும் கருவி மின் ஒப்பந்தக்காரர்களிடம் இருக்கும். அளக்க வேண்டியது மண் ஈரமாக இருக்கும் நவம்பரில் அல்ல, காய்ந்து கிடக்கும் மார்ச்சில். தடுப்பானின் சிறு ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பாகியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. உள்ளே உள்ள கார்ட்ரிட்ஜை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். சிவப்பான பிறகும் விளக்குகள் வழக்கம்போல் எரியும் என்பதால், இடிமழை தொடங்கும் ஏப்ரலிலும் வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய செப்டம்பரிலும் அந்த ஜன்னலை ஒருமுறை பார்க்கும்படி வாட்ச்மேனிடம் சொல்லி வைப்பது நல்லது.